அதாவதுக்குப் பிறகு

என் வீட்டுக்காரர் ரசீத் வேதியியல் விரிவுரையாளர். நான் அதே கல்லூரியில் ஆங்கிலத் துறை. காலையில் மேலப்பாளையத்திலிருந்து ஒரே ஸ்கூட்டரில் கிளம்பி, ஒரே வாசலில் இறங்கி, அவர் ஒரு கட்டடத்துக்கும் நான் ஒரு கட்டடத்துக்குமாகப் பிரிந்துவிடுவோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் பாடம் நடத்தி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அவரும் என் வகுப்புப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. குடும்பம் அமைதியாக ஓடுவதற்கு அதுதான் காரணம் என்று இருவருமே நம்பிக்கொண்டிருந்தோம்.

எங்களுக்குள் வருகிற சண்டை ஒன்றே ஒன்றுதான். அவர் விடைத்தாள் திருத்த உட்காரும்போது அது வரும்.

"ஏளா நிலோ, இங்கன பாரு. ஒரு பக்கம் நெறைய எழுதியிருக்கான், ஒரு வாக்கியம் கூட முடியல. நீங்கள்லாம் என்னத்தத்தான் சொல்லிக் குடுக்கீங்க?"

"அவன் ஒங்க டிபார்ட்மெண்ட் பையன்தான? நீங்க ஒரு கோடு போட்டுத் திருத்துனா கை தேஞ்சிருமா?"

"அது என் சோலி இல்ல. நான் கெமிஸ்ட்ரிக்கு மார்க் போடுதேன். இங்கிலீஷு ஒங்க சோலி."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆங்கிலத் துறை என்றால் எல்லோருக்கும் இஸ்திரிக் கடை என்று நினைப்பு. கசங்கி வருகிற பிள்ளைகளை நாங்கள் தேய்த்து மடித்துக் கொடுத்துவிட வேண்டும், இவர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள். வாரத்தில் நாலைந்து மணி நேரம்தான் அந்தப் பிள்ளைகள் எங்கள் கையில் இருக்கிறார்கள். மற்ற நேரமெல்லாம் இவர்களிடம்தான் ஆங்கிலத்தில் பாடம் கேட்கிறார்கள். குறைந்தபட்சம் கல்லூரி வாசலில் இருக்கிற போர்டு அப்படித்தான் சொல்கிறது.

உள்ளே நடப்பது வேறு என்பது கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். போன வருஷம் கல்லூரி விழாவில் ஒரு பையன் ரசீத் மாதிரி நடித்துக் காட்டினான். கரும்பலகையைப் பார்த்தபடி புத்தகத்து ஆங்கில வாக்கியம் ஒன்றை மூச்சு விடாமல் சொன்னான். பிறகு சாக்பீஸைக் கீழே வைத்தான். கண்ணாடியைக் கழற்றினான். பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பி, "அதாவது..." என்றான். அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. ரசீத் முன் வரிசையில் உட்கார்ந்து வெட்கப்பட்டுச் சிரித்தார்.

அவர் வழி அதுதான். ஆங்கில வாக்கியம் பரீட்சைக்கு. அதாவதுக்குப் பிறகு வருவதுதான் பாடம். அதில் கல்யாண வீடு வரும், பேட்டை பஸ் வரும், வெள்ளிக்கிழமைக் கறிக்கடை வரும். பிள்ளைகள் பேனாவை மூடிவைத்துவிட்டு வாயைப் பிளந்து கேட்பார்களாம். சீனியர் ஆசிரியர்கள் எல்லோரும் மேல் வகுப்புக்கு முண்டியடிக்கும்போது இவர் மட்டும் ஜூன் மாதம் தவறாமல் போய் முதலாம் ஆண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருவார்.

"புதுசா வார புள்ளைய பயந்துபோயி உக்காந்திருக்கும்லா. அந்தப் பயத்த எடுத்து விட்டாப் போதும், மிச்சத்த அதுகளே படிச்சிரும்" என்பார்.

ஊரில் அவரவருக்கு ஓர் ஆசை இருக்கும். இவருக்கு அந்த முதலாம் ஆண்டு வகுப்புதான்.

இந்த வருஷம் அந்த வகுப்பில் ஸ்னேகா வந்து சேர்ந்தாள். அவள் அப்பா ராஜஸ்தான்காரர், கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு மாற்றலாகி வந்த எஞ்சினியர். மகளை எங்கள் கல்லூரி விடுதியில் சேர்த்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு ஹிந்தியும் ஆங்கிலமும் தெரியும். தமிழில் 'சரி'யும் 'சாப்டாச்சா'வும் தெரியும்.

"முதல் பெஞ்சில உக்காந்திருக்கா. நான் என்ன சொன்னாலும் நல்லாச் சிரிக்கா. தமிழ் பைய வெளங்குது போல" என்றார் ரசீத் ஒரு நாள். எனக்கு அப்போதே சந்தேகம்தான். ஆனால் அவர் சந்தோஷமாகச் சொன்னார், நானும் விட்டுவிட்டேன்.

அரையாண்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஸ்னேகாவின் அப்பா கல்லூரிக்கு வந்தார். சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் கேட்டாராம்: ஆங்கில வழி என்று சொல்லித்தானே சேர்த்துக்கொண்டீர்கள், என் மகளுக்கு வேதியியல் வகுப்பில் முக்கால்வாசி என்ன பேசுகிறார்கள் என்றே தெரியவில்லையே. எங்கள் பிரின்சிபால் ஹரிநாராயணன் கணக்கு வாத்தியார், கல்லிடைக்குறிச்சிக்காரர். நல்ல மனுஷர். ஆனால் விதி என்று ஒன்று இருந்தால் அது இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும் அவருக்கு. அன்று மாலையே எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"ரசீத் சார், அந்த மனுஷர் கேட்டதுல தப்பே இல்லை. நாளையிலேருந்து க்ளாஸ்ல இங்கிலீஷ் மட்டும்தான். அடுத்த வியாழக்கிழமை நானே வந்து உக்காரப்போறேன். அன்னிக்கு என் காதுல தமிழ் விழுந்தா, முதல் வருஷத்தைப் புதுசா வந்திருக்காரே பெங்களூர்ல படிச்ச பையன், அவர்கிட்ட குடுத்துடுவேன். நீங்க லேபைப் பாத்துக்கோங்கோ."

பிரின்சிபால் என் பக்கம் திரும்பினார்.

"மேடம், நீங்களும் வாங்கோ. பாஷை எப்படி இருக்குன்னு நீங்கதான் சொல்லணும்."

புருஷனுக்குப் பொண்டாட்டி பரீட்சை அதிகாரி. உலகத்தில் எந்தக் கல்லூரியிலாவது இப்படி ஒரு கூத்து நடக்குமா? முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வேறு யாராவது வந்து உட்கார்ந்து மூக்கைச் சுளிப்பதைவிட நானே வருவது நல்லது என்று தோன்றியது. சரி என்றேன்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது குலவணிகர்புரம் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. எப்போதும் அங்கே நின்றால் பக்கத்து வண்டிக்காரனிடம் சிநேகம் பிடித்துவிடுகிற ரசீத், அன்றைக்குக் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்ததும் நான்தான் ஆரம்பித்தேன்.

"தினம் சாயங்காலம் கொஞ்ச நேரம் உக்காருங்க. நான் சொல்லித் தாரேன்."

"வேண்டாம். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷு போதும். புத்தகம் இங்கிலீஷ்லதான இருக்கு? அதச் சொல்லிட்டு வாரேன்."

சொல்லிவிட்டுத்தான் வந்தார். முதல் நாள் திரும்பி வந்தவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"பாடம் சீக்கிரம் முடிஞ்சிருது நிலோ."

"அது நல்லதுதான?"

"ஒரு மணி நேரப் பாடம், கால் மணி நேரத்துல முடிஞ்சிருது. அதுக்கு மேல என்ன பேசன்னு தெரியல. திரும்ப மொதல்ல இருந்து வாசிச்சேன்."

மறுநாளும் அதே கதை. பிள்ளைகள் அவர் சொல்வதையெல்லாம் அப்படியே எழுதிக்கொள்கிறார்களாம், தலையை நிமிர்த்துவதே இல்லையாம். முத்துராணி என்று ஒரு பெண். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ரயிலில் வந்துபோகிறவள், அம்மா வாழைத் தோட்டத்தில் கூலி வேலை. கேள்வி கேட்டே ரசீத்தைத் திணறடிப்பாள். 'அந்தப் புள்ள விடமாட்டேங்குது நிலோ' என்று பெருமையாகப் புகார் சொல்லுவார்.

"முத்துராணி என்ன சொல்லுதா?" என்று கேட்டேன்.

"வாயத் தொறக்கல" என்றார். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

எனக்கு அந்த ராஜஸ்தான் பெண் மேல்கூட எரிச்சல் வந்தது. ஒரு பிள்ளைக்காக இத்தனை பிள்ளைகளா என்று. நான் ஆங்கிலம் நடத்துகிறவள், ஆங்கிலத்தில் பேசுங்கள் என்று தொண்டை வறளக் கத்துகிறவள். அவர் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்ததும் வயிறெரிகிறேன். இந்த நியாயம் யாருக்கும் விளங்காது. எனக்கே விளங்கவில்லை.

அப்போதுதான் ஸ்னேகா என்னைத் தேடிக்கொண்டு எங்கள் துறைக்கு வந்தாள். கதவருகே நின்று துப்பட்டாவின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். உட்கார் என்றால் உட்காரவில்லை. ஆங்கிலத்தில்தான் பேசினாள், வேகமாக, அழுதுவிடுவாள் போலிருந்தது.

"மேம், நான் புகார் செய்யவில்லை. போனில் அப்பாவிடம் வகுப்பு புரியவில்லை என்று சொன்னேன், அவ்வளவுதான். அவர் இவ்வளவு தூரம் வருவார் என்று எனக்குத் தெரியாது."

"பரவாயில்லை. இப்போது சார் ஆங்கிலத்தில்தானே நடத்துகிறார்?"

"ஆமாம். அவர் இப்போது சொல்வதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தை நான் முன்னாலேயே படித்துவிட்டேன்." துப்பட்டா நுனியை விட்டாள். "சார் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு 'அதாவது' என்பார். உடனே எல்லோரும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். அப்புறம் எல்லோரும் சிரிப்பார்கள், கேள்வி கேட்பார்கள், சண்டை போடுவார்கள். நான் கேட்டது அதைத்தான் மேம். அதற்குள் என்னையும் விடச் சொன்னேன். அதையே நிறுத்தச் சொல்லவில்லை. இப்போது அது யாருக்குமே இல்லை."

"நீயும் சிரிப்பாயாமே? சார் சொன்னாரே."

"எல்லோரும் சிரிக்கும்போது நான் மட்டும் எப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பது?" என்றாள்.

எரிச்சல்பட்டேனே இந்தப் பிள்ளை மேல். தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

சாயங்காலம் அடுப்படியில் ரசீத் எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஸ்னேகா சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். சிரிப்பு விஷயம் வந்தபோது அவர் கை நின்றது.

"வெளங்காமலா சிரிச்சா?"

"எல்லாரும் சிரிச்சாங்க, அதனால அவளும் சிரிச்சிருக்கா."

"அல்லாவே" என்றார். உரித்து முடித்த வெங்காயத்தையே மறுபடி எடுத்து உரிக்க ஆரம்பித்தார். "இத்தன நாளா என் முன்னாடியே தனியா உக்காந்திருந்திருக்கா. நான் பாட்டுக்குப் பேசிட்டே இருந்திருக்கேன்."

அவர் கண்ணில் தண்ணீர். வெங்காயம்தான் காரணம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"சரி, வியாழக்கிழமை என்ன பாடம்?" என்றேன்.

"கடின நீர். ஹார்ட் வாட்டர்."

"அதாவதுக்குப் பொறகு என்ன சொல்லுவீங்க? எங்கிட்ட சொல்லுங்க."

இத்தனை வருஷத்தில் முதன்முறையாக அவரிடம் வேதியியல் கேட்டேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வெங்காயத்தை ஓரமாக நகர்த்திவிட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"ஒரு கல்யாண வீடு. தேக்சா நெறைய பிரியாணி. யாருக்கு ஆக்குனது? மாப்ள வீட்டுக்காரங்களுக்கு. அவங்க பைய வாராங்க. அதுக்குள்ள கூப்பிடாத ஆளுங்க கொஞ்சப் பேரு வந்து மொதப் பந்தில உக்காந்துருதான். தின்னு தீத்துருதான். மாப்ள வீட்டுக்காரன் வந்து பாத்தா தேக்சா காலி. பிரியாணிதான் சோப்பு. மாப்ள வீட்டுக்காரன்தான் அழுக்கு. கூப்பிடாம வந்தவன் இருக்காம்லா, அவந்தான் தண்ணில கெடக்க கால்சியம், மெக்னீசியம். அவன் வயிறு நெறஞ்சாத்தான் அடுத்தவனுக்கு. அதான் அந்தத் தண்ணில சோப்பு எவ்வளவு தேச்சாலும் நொரை வரல."

எனக்கு வேதியியல் பள்ளிக்கூடத்தோடு போச்சு. ஆனாலும் பளிச்சென்று விளங்கியது. நல்ல விஷயம், இதை ஆங்கிலத்தில் சொன்னால் முடிந்தது, நான் எழுதித் தருகிறேன் என்று பேனாவை எடுத்தேன். முனைவர் பட்டம் வாங்கிய ஆங்கிலம் எனக்கு. 'அழைக்கப்படாத விருந்தினர்கள் முதற்கண் ஆசனங்களை ஆக்கிரமித்தமையால்' என்கிற தோரணையில் ஒரு வாக்கியம் வந்தது. வாசித்துக் காட்டினேன். ரசீத் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"இதுல கல்யாண வீட்டக் காணுமே" என்றார்.

அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதினேன். அதில் பிரியாணி இருந்தது, பசி இல்லை. இன்னொன்று எழுதினேன். அது வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்தது. பேனாவை மூடிவிட்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது வரவில்லை.

"இத வச்சா முத்துராணிக்கு வெளங்காது. நான் எனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லுதேன், புள்ளைய மிச்சத்த ஒப்பேத்தும்" என்றார் அவர். "நெறையத் தப்பு வரும். நீ பின்னால இருந்து மொகத்தச் சுளிக்காம இருப்பியா?"

"ஒங்க இங்கிலீஷக் கேட்டுட்டு சுளிக்காம இருக்கணும்னா நான் கண்ண மூடிக்கிடணும்."

"மூடிக்க" என்றார். அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

வியாழக்கிழமை கடைசி பெஞ்சில் பிரின்சிபாலும் நானும் உட்கார்ந்தோம். பிள்ளைகள் நோட்டை விரித்துத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பு ரசீத்தின் கையை விட்டுப் போகுமா இல்லையா என்பது இன்றைக்குத்தான் முடிவாகும் என்று அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. கல்லூரியில் எந்த ரகசியம் தங்கியிருக்கிறது? ரசீத் நான் தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையில் வந்தார். கரும்பலகையைப் பார்த்தபடி, கடின நீரில் சோப்பு எளிதில் நுரைக்காது என்கிற புத்தக வாக்கியத்தை ஆங்கிலத்தில் மூச்சு விடாமல் ஒப்பித்தார். பிள்ளைகள் எழுதினார்கள்.

பிறகு சாக்பீஸைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

எழுதிக்கொண்டிருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. "அதா..." என்றவர் அப்படியே இருமலாக மாற்றி, மேசையிலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். பக்கத்தில் பிரின்சிபால் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"ஒன் மேரேஜ் ஹவுஸ்" என்றார் ரசீத். "பிக் தேக்சா. ஃபுல் பிரியாணி."

யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள்.

"ஃபர்ஸ்ட் பந்தி, ஹூ இஸ் சிட்டிங்?"

ஒரு பையன் தயங்கி எழுந்து, "ப்ரைட்குரூம் பார்ட்டி சார்" என்றான்.

"நோ, நோ. தே ஆர் கமிங் லேட். பிஃபோர் தட், ஹூ?"

நடு பெஞ்சில் முத்துராணி பாதி எழுந்து பாதி உட்கார்ந்தாள். வாய் வரை தமிழ் வந்துவிட்டது, உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையும் பிரின்சிபாலையும் பார்த்தாள். அந்தப் பெண் பொது ஆங்கிலத்துக்கு என் வகுப்பிலும்தான் இருக்கிறாள். பெயர் கூப்பிட்டால் 'ப்ரெசென்ட் மேம்' என்பாள். அது தவிர அவள் வாயிலிருந்து ஓர் ஆங்கிலச் சொல் நான் கேட்டதில்லை.

"டெல் முத்துராணி. எனி இங்கிலீஷ். டோன்ட் ஃபியர்" என்றார் ரசீத்.

"சார்... நோ இன்விடேஷன் பீப்பிள்."

வகுப்பு இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. ரசீத் மேசையைத் தட்டினார். "கரெக்ட்! நோ இன்விடேஷன் பீப்பிள்! தட் இஸ் கால்சியம், தட் இஸ் மெக்னீசியம். நவ் யூ டெல். வாட் ஹேப்பன்?"

முத்துராணி பிடித்துக்கொண்டாள். "தே கம் ஃபர்ஸ்ட் சார். சிட். ஈட் ஆல். பிரியாணி ஃபினிஷ். ப்ரைட்குரூம் பார்ட்டி கம், எம்ப்டி."

"பிரியாணி மீன்ஸ்?"

"சோப்பு சார்!" வகுப்பே கத்தியது.

அதற்கு மேல் யாரும் அனுமதி கேட்டுப் பேசவில்லை. சோப்பு தீர்ந்து போனால் தண்ணீரில் வெள்ளையாகத் திரிதிரியாக மிதக்கிறதே அது என்ன என்று ஒருத்தி கேட்டாள். அது எச்சில் இலை என்று ஒருவன் ஆங்கிலத்தில் எப்படியோ சொல்லி முடித்தான். ரசீத் அதை அப்படியே எடுத்து கால்சியத்தோடு சேர்த்துச் சமன்பாடு எழுதினார். முதலில் நான் தப்புகளை மனசுக்குள் எண்ணிக்கொண்டு வந்தேன். எங்கே விட்டேன் என்று தெரியவில்லை.

ஸ்னேகா கை தூக்கினாள். அவள் நல்ல ஆங்கிலத்தில்தான் கேட்டாள், ஆனால் மெதுவாக, எல்லோருக்கும் விளங்குகிற மாதிரி.

"சார், ஹாஸ்டலில் எனக்கு ஒரு சோப்பு ஒரு வாரம்கூட வருவதில்லை. அப்படியென்றால் எங்கள் ஹாஸ்டல் போர்வெல் தண்ணீர் முழுக்க நோ இன்விடேஷன் பீப்பிளா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். மற்றவர்கள் சிரித்தது அதற்குப் பிறகுதான்.

முத்துராணி அவள் பக்கம் திரும்பினாள். "யூ கம் மை ஹவுஸ். ஸ்ரீவைகுண்டம். ரிவர் வாட்டர். ஸ்மால் சோப், ஃபுல் நொரை. ஒன்லி ப்ரைட்குரூம் பார்ட்டி."

ரசீத் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு என் வீட்டுக்காரரை அந்த நிமிஷம் அவ்வளவு பிடித்திருந்தது. தேய்த்த சட்டை கசங்கி, கையெல்லாம் சாக்பீஸ் தூளும், வாயில் உடைந்த ஆங்கிலமுமாக அவர் நின்றார். இத்தனை மாதமாக என் வகுப்பில் நான் திறக்க முடியாத வாயை இந்த மனுஷர் ஒரு பிரியாணியில் திறந்துவிட்டார். பொறாமையும் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அப்போது என் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அது சரி சார், அப்போ அதே தண்ணியைக் கொதிக்க வெச்சா மட்டும் நன்னா நுரைக்கறதே, அது எப்படி?"

பிரின்சிபால்தான். முன்பக்கம் சாய்ந்து, முழங்கையைப் பெஞ்சில் ஊன்றி, பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். வகுப்பு முழுவதும் கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தது. யாரும் சிரிக்கத் துணியவில்லை. ரசீத் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

கேட்டவர் பிரின்சிபால் என்றதும் ரசீத்துக்குக் கல்யாண வீடு மறந்துவிட்டது. பயத்தில் நேராக நிமிர்ந்து நின்று, தற்காலிகக் கடினத்தன்மை, பைகார்பனேட் சிதைவு, கரையாத கார்பனேட் வீழ்படிவு என்று புத்தகத்தில் இருப்பதை இருக்கிறபடியே ஆங்கிலத்தில் கடகடவென்று ஒப்பித்தார். ஒரு தமிழ்ச் சொல் கலக்கவில்லை. பிரின்சிபால் தலையைத் தலையை ஆட்டினார். மணி அடித்தது.

வராண்டாவில் பிரின்சிபால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். நான் கூடவே போனேன். ரசீத் வகுப்பு வாசலிலேயே நின்றுவிட்டார். முதுகுக்குப் பின்னால் அவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். படிக்கட்டு வந்ததும் பிரின்சிபால் நின்றார்.

"பாஷை எப்படி மேடம்?"

"தப்பு நெறைய இருந்தது சார். ஆனா எல்லாப் பிள்ளைகளுக்கும் விளங்குச்சு. ஸ்னேகாவுக்கும்."

"அதை நானும் பாத்தேன்." கொஞ்சம் யோசித்தார். "நான் சொல்லியிருந்தேனே, தமிழ். ஏதாவது காதுல விழுந்துதா? பொதுவாச் சொல்லுங்கோ, உங்க ஆத்துக்காரர்னு பாக்காதீங்கோ."

"விழுந்துச்சு சார்."

அவர் முகம் விழுந்துவிட்டது. நிஜமாகவே வருத்தப்பட்டார். "அந்தப் பந்தி, நொரையா? அதெல்லாம் விட்டுடலாம். ஒண்ணு ரெண்டு வார்த்தைதானே."

"அது இல்ல சார். ஒரு முழுக் கேள்வி. ஒருத்தர் எந்திரிக்காமலே தமிழ்ல கேட்டாங்க."

"யாரு? எந்தப் பையன்?"

"நீங்க சார்."

பிரின்சிபால் என்னையே பார்த்தார். பிறகு வகுப்பு வாசலில் நின்ற ரசீத்தைப் பார்த்தார். காது மடல் வரை சிவந்துவிட்டது.

"நானா கேட்டேன்?"

"தண்ணியக் கொதிக்க வச்சா எப்படி நொரைக்குதுன்னு கேட்டீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியைத் தேடி, பேண்ட் போட்டிருப்பது ஞாபகம் வந்து கைக்குட்டையில் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது.

"முதல் வருஷம் அவர்கிட்டயே இருக்கட்டும்" என்றார் கடைசியில். "சொல்லிடுங்கோ."

இரண்டு படி இறங்கியவர் நின்று, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேடம், அவர் எனக்கு என்னமோ பதில் சொன்னாரே, எனக்கு அது சுத்தமாப் பிடிபடலை. சாயங்காலம் அவரை என் ரூமுக்கு வரச் சொல்லுங்கோ. கதவைச் சாத்திண்டு, தமிழ்ல சொன்னாப் போதும்."